அயல்நாட்டில் ஒரு பருவம்: தமிழியல் மாணவரின் கல்விப் பயணமும் கிரெடிட் ஏற்பும்

முன்னுரை

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தம் பட்டப்படிப்பின் இடையில் ஒரு பருவத்தை மட்டும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பயின்று திரும்புவது இன்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கல்விமுறையாகும். பொறியியல், வணிகவியல், பொருளியல் முதலிய துறைகளில் இதற்கான வழிமுறைகள் செம்மையாக வகுக்கப்பட்டுள்ளன. தமிழியல் மாணவரைப் பொறுத்தவரையில் நிலை வேறு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் பயிலும் மாணவர் தமிழ்நாட்டுக்கு ஒரு வாரமோ இரு வாரமோ கல்விச் சுற்றுலாவாகச் சென்று வருவது வழக்கில் உள்ளது. ஒரு முழுப் பருவத்தை அங்குப் பயின்று, தேர்வெழுதி, அதற்குரிய மதிப்பைத் தம் பட்டத்தில் சேர்த்துக்கொள்வோர் மிகச் சிலரே.

பருவக் கல்வி என்பது யாது, அது எவ்வாறு தோன்றி வளர்ந்தது, அதன் அடித்தளமான கிரெடிட் மாற்றம் எவ்வாறு இயங்குகின்றது என்பவற்றை இக்கட்டுரை முதலில் விளக்குகின்றது. பின்னர், தமிழ்நாட்டில் ஒரு பருவம் பயின்று திரும்பிய மலேசிய மாணவி ஒருவரின் பட்டறிவை முன்வைத்து, இம்முறையில் தமிழியல் மாணவர் பெறுவதும் இழப்பதும் எவை என ஆராய்கின்றது. தமிழாசிரியராகப் போகின்ற ஒரு தலைமுறையின் பயிற்சியோடு தொடர்புடையதாதலின் இது துறை நிருவாகம் சார்ந்த சிறு செய்தி அன்று.

பருவக் கல்வி: பொருள் வரையறை

அயல்நாட்டுக் கல்வியை இரு வகையாகப் பகுக்கலாம். முழுப் பட்டத்தையும் அயல்நாட்டில் பயின்று பெறுவது ஒரு வகை. தாய்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் மாணவராகவே இருந்துகொண்டு, ஒரு பருவத்தையோ ஓராண்டையோ மட்டும் வெளியே பயில்வது மற்றொரு வகை. முதல் வகையில் பட்டம் வழங்குவது அயல்நாட்டுப் பல்கலைக்கழகம். இரண்டாம் வகையில் பட்டம் வழங்குவது தாய்ப் பல்கலைக்கழகம். இவ்வேறுபாடு எளியதாகத் தோன்றினும் இதிலிருந்தே எல்லாச் சிக்கல்களும் பிறக்கின்றன. ஓரிடத்தில் கற்றதை மற்றோரிடம் மதிப்பிட்டு ஏற்க வேண்டும். அவ்வேற்பு நிகழாவிடின் மாணவர் பயின்ற பருவம் சட்டப்படி நிகழாத ஒன்றாகிவிடுகின்றது.

கல்விச் சுற்றுலாவிலிருந்தும் இது வேறுபட்டதாகும். சுற்றுலா செல்பவர் விருந்தினர்; அவருக்கு எல்லாம் காட்டப்படுகின்றன. பருவம் பயில்பவர் மாணவர். அவர் வரிசையில் நின்று விண்ணப்பம் கொடுக்க வேண்டும், விடுதி விதிக்குக் கட்டுப்பட வேண்டும், வகுப்பில் பிறரோடு போட்டியிட்டுத் தேர்வெழுத வேண்டும். ஒரு சமுதாயத்தை உள்ளிருந்து அறிவதற்கு இந்நிலையே துணைசெய்கின்றது.

வரலாற்றுப் பின்புலம்

இக்கல்விமுறை மேலைநாட்டார் கண்டுபிடிப்பு என்றே பலரும் கருதுவர். ஆயினும் நம் வட்டாரத்திலேயே இதற்கொரு பழஞ்சான்று உண்டு. சீனத் துறவி இ-சிங் கி.பி. 671இல் குவாங்சௌவிலிருந்து கப்பலேறி நாளந்தாவை நோக்கிப் புறப்பட்டார். வழியில் சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் ஏறத்தாழ ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் பயின்றார். பின்னர் மலாயு, கெடா வழியாக வங்கக் கடலைக் கடந்து தாமிரலிப்தித் துறைமுகத்தை அடைந்தார். நாளந்தாவில் பத்தாண்டுக் காலம் பயின்று திரும்பிய பிறகு அவர் எழுதிய குறிப்பில், இந்தியாவுக்குச் செல்ல விரும்பும் சீனத் துறவியர் முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரு ஆண்டுகள் தங்கி முறையான பயிற்சி பெற்றுச் செல்வது நலம் என்று அறிவுறுத்துகின்றார். ஆறு மாதம் என்பது இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒரு பருவமாகும். சேருமிடம் எவ்வளவு சிறந்ததாயினும் முன்பயிற்சி இன்றிச் செல்பவர் முழுப்பயன் பெறார் என்னும் கருத்து அன்றே உணரப்பட்டிருந்தது என்பது கருதத்தக்கது.

இக்காலப் பொருளிலான பருவக் கல்வியின் தொடக்கமாக 1923ஆம் ஆண்டைச் சுட்டுவர். முதல் உலகப் போரில் பணியாற்றிய பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைட், அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்திலிருந்து எட்டு மாணவரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். போரில் ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட நாட்டினர் இளமையிலேயே ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேண்டும் என்பது அத்திட்டத்தின் பின்னிருந்த எண்ணம்.

இம்முறையைப் பெருந்திரள் இயக்கமாக மாற்றியது ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டம். 1987இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர் பங்கேற்றனர். இதன் தோற்றத்தில் இத்தாலியக் கல்வியாளர் சோபியா கொராடியின் பங்கு பெரிது. அவர் 1950களின் இறுதியில் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று முதுகலைத் தகுதி பெற்றார். உரோமுக்குத் திரும்பியபோது அங்குப் பயின்றது எதுவும் அவர்தம் இத்தாலியப் பட்டத்துக்குரியதாக ஏற்கப்படவில்லை. அந்த மறுப்பே அவரைப் பல்லாண்டுகள் இதற்காக உழைக்கத் தூண்டியது. எராஸ்மஸ் திட்டம், ஏற்கப்படாத ஒரு கல்வியிலிருந்து பிறந்தது எனலாம்.

தென்கிழக்காசியாவில் ஆசியான் பல்கலைக்கழக வலைப்பின்னல் 1995இல் அமைந்தது. 2010இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளிடையே ஒரு முன்னோட்ட மாணவர் பரிமாற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் எய்ம்ஸ் என்னும் பெயரில் விரிவடைந்து வேறு சில நாடுகளையும் இணைத்துக்கொண்டது. இத்திட்டம் குறிப்பிட்ட சில துறைகளை மட்டுமே உள்ளடக்கியது. தமிழியலுக்கு இன்றியமையாத தமிழ்நாடும் இலங்கையும் இவ்வட்டத்துக்கு வெளியே உள்ளன. ஆகவே தமிழியல் துறைகள் தமக்கான வழியைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

அமெரிக்க மாணவர்க்குத் தமிழ் கற்பிக்கும் முயற்சிகள் இதற்கு ஒரு முன்மாதிரியாக அமைகின்றன. 1961இல் நிறுவப்பட்ட இந்தியவியலுக்கான அமெரிக்க நிறுவனம் மதுரையில் தமிழ்ப் பயிற்சி வகுப்புகளை நடத்தி வந்துள்ளது. விசுகான்சின் பல்கலைக்கழகத்தின் இந்தியக் கல்வியாண்டுத் திட்டமும் மாணவரை மதுரைக்கு அனுப்பியது. வகுப்பறைத் தமிழோடு களப்பணியையும் இணைத்தமை அத்திட்டத்தின் சிறப்பாகும். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்க்கு இத்தகைய ஏற்பாடுகள் அமைந்திருக்க, தமிழராய்ப் பிறந்து தமிழையே பட்டப்பாடமாகக் கொண்ட நம் மாணவர்க்கு நிகரான ஏற்பாடு குறைவாக இருப்பது வியப்புக்குரியது.

கிரெடிட் மாற்றம் இயங்கும் முறை

கிரெடிட் என்பது ஒரு பாடத்தைக் கற்க மாணவர் செலவிடும் உழைப்பின் அளவாகும். நாட்டுக்கு நாடு இவ்வளவு வேறுபடுகின்றது. ஐரோப்பாவில் 1989 முதல் நடைமுறைக்கு வந்த கிரெடிட் மாற்ற முறையில் ஓராண்டுக்கு 60 கிரெடிட், ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். மலேசியத் தகுதிக் கட்டமைப்பிலோ ஒரு கிரெடிட் 40 மணி நேரக் கற்றலுக்குச் சமம்; விரிவுரை, பயிற்சி வகுப்பு, தனிப்படிப்பு, தேர்வு அனைத்தும் இதில் அடங்கும். எனவே ஐரோப்பியப் பாடம் ஒன்றின் 5 கிரெடிட்டும் மலேசியப் பாடம் ஒன்றின் 3 கிரெடிட்டும் ஏறத்தாழ ஒத்தவை. முன்னது 125 முதல் 150 மணி நேரம், பின்னது 120 மணி நேரம்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் வாரத்துக்கு ஒரு மணி நேர விரிவுரை ஒரு பருவம் நடைபெறுவதை ஒரு கிரெடிட் எனக் கொள்வது பொதுவழக்கு. நான்கு கிரெடிட் பாடம் 15 வாரங்களில் 60 மணி நேர வகுப்பாக அமையும். தனிப்படிப்பையும் அதேயளவாகக் கொண்டால் மொத்தம் 120 மணி நேரம்; மலேசியக் கணக்கில் மூன்று கிரெடிட். இலக்கங்களை மட்டும் நோக்கினால் நான்கு மூன்றாகக் குறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் குறைவு ஏதுமில்லை. அளவுகோல் மட்டுமே மாறுகின்றது. இதனை மாணவர்க்கு முன்கூட்டியே விளக்காமையால் எழும் மனக்குறைகள் பல.

உழைப்பின் அளவை ஒப்பிடுவது கணக்கு. பாடத்தின் பொருளை ஒப்பிடுவதே சிக்கல். இங்கு இருவேறு கொள்கைகள் உள்ளன. அயல்நாட்டுப் பாடம் தாய்நாட்டுப் பாடத்தோடு தலைப்பிலும் உள்ளடக்கத்திலும் பெரும்பாலும் ஒத்திருந்தாலன்றி ஏற்பதில்லை என்பது ஒன்று. அடிப்படையான வேறுபாடு இருப்பதாகக் காட்டினாலன்றி மறுப்பதில்லை என்பது மற்றொன்று. 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் ஏற்பு உடன்படிக்கை இரண்டாம் கொள்கையை உரைக்கின்றது. பட்டங்களுக்கு மட்டுமன்றி அயல்நாட்டில் பயின்ற காலப்பகுதிகளுக்கும் அது பொருந்தும். முதற்கொள்கையில் மெய்ப்பிக்கும் சுமை மாணவர்மேல் விழுகின்றது. இரண்டாவதில் அச்சுமை மறுக்கும் நிறுவனத்தின்மேல் விழுகின்றது. சுமை இடம் மாறுவதால் விளையும் பயனைப் பின்வரும் பட்டறிவு காட்டும்.

ஒரு மாணவியின் பட்டறிவு

மலேசியப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற மாணவி ஒருவர் தமிழ்நாட்டில் ஒரு பருவம் பயின்று திரும்பினார். கெடா மாநிலத்துத் தோட்டப்புறக் குடும்பத்தைச் சேர்ந்த அவர் இக்கட்டுரையாளரிடம் விரிவாகப் பகிர்ந்துகொண்ட செய்திகள் இப்பகுதிக்கு அடிப்படையாகின்றன.

முதற்சிக்கல் நாட்காட்டியில் தோன்றியது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் முதற்பருவம் பெரும்பாலும் சூன், சூலையில் தொடங்கி நவம்பரில் முடியும். மலேசியப் பல்கலைக்கழகங்களில் இரண்டாம் பருவம் சூன், சூலை வரை நீளும். மாணவி தம் தேர்வை முடித்துக்கொண்டு சென்றடைந்தபோது அங்கு மூன்று வாரப் பாடங்கள் கடந்துவிட்டன. நவம்பரில் தேர்வெழுதித் திரும்பியபோது இங்குப் பருவம் பாதி கடந்திருந்தது. அடுத்த பருவம் தொடங்கும் வரை அவர் காத்திருக்க நேர்ந்தது.

இரண்டாம் சிக்கல் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. தமிழ் படிக்கத் தமிழ்நாட்டுக்குச் செல்பவருக்கு மொழிச்சிக்கல் இராது என்றே அவரும் அவர் குடும்பத்தாரும் எண்ணியிருந்தனர். வகுப்பில் சங்க இலக்கிய விரிவுரை எளிதாகவே விளங்கியது. வகுப்புக்கு வெளியே நிலைமை வேறு. 'பேருந்து எத்தனை மணிக்கு?' என்று அவர் வினவ, பக்கத்தில் இருந்தோர் மேடையில் பேசுவது போலிருக்கிறது என்று நகைத்தனர். 'பசியாறிட்டீங்களா?' என்று காலையில் விடுதி அக்காமாரைக் கேட்டபோது, எப்போதோ பாட்டி வாயில் கேட்ட சொல் என்று ஒருவர் வியந்தார். நம்மிடம் காலையுணவைக் குறிக்கும் அன்றாடச் சொல் அங்கே பலரிடம் 'டிபன்' ஆகிவிட்டிருந்தது. கடையில் 'தப்பாவ்' என்றால் விளங்கவில்லை. 'பார்சல்' என்று கேட்கக் கற்றார். மகிழுந்தைக் 'காடி' என்றபோது மாட்டு வண்டியா என்று கேட்டனர்.

சார்லசு பெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு என்னும் கருத்தைத் தமிழுக்குப் பொருத்திக் காட்டாத மொழியியல் நூல் இல்லை எனலாம். எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்னும் இரண்டையும் நம் மாணவர் பாடமாகப் படிக்கின்றனர். ஆயினும் பேச்சு வழக்கு ஒன்றன்று, பல, மலேசியத் தமிழும் தனக்கென ஒரு வரலாறுடைய வழக்கே என்பதை அம்மாணவி நூலில் படித்து உணரவில்லை, கடைவீதியில் உணர்ந்தார். மலாய்ச் சொல்லும், தோட்டப்புறச் சொல்லும், பள்ளியிலும் வானொலியிலும் ஊன்றிய தூய தமிழ்ச் சொல்லும் கலந்ததே தம் தமிழ் என்பதைத் தொலைவில் நின்று பார்த்தபோதே அவரால் அறிய முடிந்தது. அதற்கு முன்னர்த் தம் பேச்சைத் திருத்தப்பட வேண்டிய தமிழாகவே கருதிவந்ததாகக் கூறினார். வருங்காலத் தமிழாசிரியர் ஒருவர் இவ்வெண்ணத்திலிருந்து விடுபடுவது, அவர் கையில் பயிலப்போகும் குழந்தைகளுக்கும் விடுதலையாகும்.

மூன்றாவது சிக்கல் இன்னும் ஆழமானது. 'சொந்த ஊர் எது?' என்று விடுதியிலும் பேருந்திலும் கோயில் வாசலிலும் அவரைக் கேட்டனர். கெடா என்றால் கேட்டவர் நிறைவடையவில்லை. 'அது சரிம்மா, இங்கே எந்த ஊர்?' என்பது அடுத்த வினா. நான்காம் தலைமுறையினரான அவருக்கு விடை தெரியாது. வினவியோர் பெரும்பாலும் அன்பினால் வினவினர். ஆயினும் அவ்வினாவின் பின்னே சாதியை அறியும் நோக்கமும் சிலவிடத்து மறைந்திருந்ததை நாளடைவில் அவர் உணர்ந்தார். விடுதியில் மாலை ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்ற விதியும், வெளியே செல்ல விடுதிக் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்ற விதியும் பெண்களுக்கே கடுமையாக இருந்தன. இலக்கியத்தில் அறிந்த தமிழகத்தையும் நேரில் கண்ட தமிழகத்தையும் ஒன்றாகக் கண்டு போற்றவும் இயலாமல், ஒதுக்கித் தள்ளவும் இயலாமல் இரண்டாம் மாதத்தில் மிகவும் சோர்ந்ததாக அவர் தெரிவித்தார்.

இச்சோர்வு தனியொருவருக்குரியதன்று. 1955இல் நார்வே நாட்டு ஆய்வாளர் லிஸ்கார்டு, அமெரிக்காவில் தங்கிய தம் நாட்டினரை ஆராய்ந்து, தொடக்கத்தில் மகிழ்வும், இடையில் தாழ்வும், பின்னர் மீட்சியும் நிகழ்வதாகக் காட்டினார். 1960இல் மானுடவியலர் ஓபெர்க் பண்பாட்டு அதிர்ச்சி என்னும் கருத்தை விரித்துரைத்தார். எல்லாரும் இவ்வரிசையிலேயே செல்வதில்லை எனப் பிற்கால ஆய்வுகள் திருத்தம் கூறியுள்ளன. எனினும் ஒரு செய்தி ஆசிரியர்க்குப் பயன்படும். ஒரு பருவத்தின் நடுப்பகுதியில் மாணவர் தளர்வது இயல்பு. அவ்வேளையில் தாய்த்துறையிலிருந்து ஒரு குரல் கேட்பது பெருந்துணை. அம்மாணவிக்கு அவ்வாறு எவரும் தொடர்புகொள்ளவில்லை.

மீட்சி கல்வெட்டியல் பாடத்தின் வழி வந்தது. அவர் விருப்பப் பாடங்களாகக் கல்வெட்டியலையும் நாட்டார் வழக்காற்றியலையும் எடுத்திருந்தார். கல்வெட்டியல் களப்பயணத்தில் மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்தில் தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் கண்டார். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்திக் கல்வெட்டைப் பேராசிரியர் எழுத்தெழுத்தாகப் படிக்கப் பயிற்றுவித்தார். 1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்படையெடுப்பில் வென்ற இடங்களுள் ஒன்றாகக் கடாரம் அக்கல்வெட்டில் குறிக்கப்பெறுகின்றது. அதனைக் கெடாவாகக் கொள்வர் வரலாற்றறிஞர். உடன்பயின்ற மாணவர்க்கு அச்சொல் வெற்றிப் பட்டியலில் ஓர் ஊர்ப்பெயர். அவருக்கோ அது தாம் பிறந்த மாநிலம். படையெடுப்புக்கு உள்ளான நிலம். சோழர் பெருமையைப் பாடநூலில் படித்தபோது எழாத ஒரு வினா அங்கே எழுந்தது: 'இக்கல்வெட்டை நான் எந்தக் கரையில் நின்று படிக்கிறேன்?' சொந்த ஊர் எது என்று கேட்டவர்க்கு அதன்பின் தயக்கமின்றிக் கெடா என்று விடையளித்ததாக அவர் கூறினார். இவ்வினா தமிழ்நாட்டு மாணவருக்கு எழ வாய்ப்பில்லை. மலேசியாவை விட்டு நீங்காத மாணவருக்கும் எளிதில் எழாது. ஒரு பருவக் கல்வியின் உண்மையான பயன் இத்தகைய வினாக்களே.

பருவத்தின் இறுதியில் அவர் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குச் சென்றார். கோட்டையூரைச் சேர்ந்த ஒருவர் தனியராகத் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டு 1994இல் அமைந்த அந்நூலகத்தில், இங்குக் கிடைத்தற்கரிய பழைய அச்சு நூல்களை எவ்வாறு தேடுவது எனக் கற்றார். அவர்தம் இளங்கலை ஆய்வேட்டுத் தலைப்பு அங்கேயே உருவாயிற்று.

திரும்பிய பின்

அயல்நாட்டிலிருந்து திரும்புவோர் தாய்நாட்டிலும் ஓர் அதிர்ச்சிக்கு உள்ளாவர் என்பதை 1963இல் கல்லகார்ன் இணையர் எடுத்துக்காட்டினர். அம்மாணவிக்கு அவ்வதிர்ச்சி அலுவலகக் கோப்பின் வடிவில் வந்தது. அங்குத் தேர்வு முடிவு வெளியாகி மதிப்பெண் பட்டியல் வந்து சேரச் சில மாதங்கள் ஆயின. வந்த பின்னர் நான்கு பாடங்களுள் இரண்டே ஏற்கப்பட்டன. சங்க இலக்கியமும் தொல்காப்பியமும் இங்குள்ள பாடங்களோடு ஒத்திருந்தமையால் ஆறு கிரெடிட் கிடைத்தது. கல்வெட்டியலுக்கும் நாட்டார் வழக்காற்றியலுக்கும் இங்கு இணையான பாடம் இல்லை என்பதால் அவை மறுக்கப்பட்டன. விளைவாக அவர் ஒரு பருவம் தாமதமாகப் பட்டம் பெற்றார். உயர்கல்விக் கடனுதவி பெற்றுப் பயில்பவருக்கு ஒரு பருவத் தாமதம் என்பது மேலும் ஒரு பருவச் செலவு. ஊதியமின்றிக் கழியும் அரையாண்டு.

இதில் உள்ள முரண்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. இங்குக் கற்கக்கூடியதை அங்குச் சென்று கற்றதற்கு மதிப்பு வழங்கப்பட்டது. இங்குக் கற்க இயலாததை, அதாவது எதற்காக அங்குச் செல்ல வேண்டுமோ அதனைக் கற்றதற்கு மதிப்பு மறுக்கப்பட்டது. இணைப்பாடம் இருந்தால்தான் ஏற்போம் என்னும் விதி, அயல்நாட்டுக்குச் சென்றும் உள்நாட்டுப் பாடத்தையே படி என்று மாணவரைப் பணிக்கின்றது. கொராடி எதிர்கொண்ட மறுப்பும் இத்தகையதே. அது நிகழ்ந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலான பின்னும் அதே தடை வேறு நாட்டில், வேறு துறையில் தொடர்கின்றது.

இதன் மறைமுக விளைவு மேலும் கவலைக்குரியது. அடுத்து வரும் மாணவர் இதனைக் கேள்வியுற்றுச் செல்லத் தயங்குவர். தாமதத்தைத் தாங்கும் பொருள்வளம் உடைய குடும்பத்துப் பிள்ளைகளே செல்வர். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, தமிழையே தம் வாழ்வாக ஏற்றுக்கொண்ட பி40 குடும்பத்து மாணவருக்கு அவ்வாய்ப்பு எட்டாமற் போகும்.

துறைகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஏற்பு என்பது திரும்பிய பின் தொடங்கும் பணியாக இராமல், புறப்படும் முன் முடியும் பணியாக இருத்தல் வேண்டும். எராஸ்மஸ் திட்டத்தில் மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் கற்றல் உடன்படிக்கை ஒன்றில் முன்னரே கையொப்பமிடுகின்றனர். எப்பாடங்கள், எத்தனை கிரெடிட், எதற்கு ஈடாக என்பது அதில் எழுதப்படும். பாடம் மாற நேர்ந்தால் உடன்படிக்கையும் திருத்தப்படும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா; ஒரு பக்கத் தாளும் மூன்று கையொப்பமும் போதும்.

இரண்டாவதாக, இணைப்பாடம் இல்லாத பாடங்களை விருப்பப் பாடமாக ஏற்பதற்குப் பட்டத்தின் கட்டமைப்பிலேயே இடம் ஒதுக்குதல் வேண்டும். ஆறு முதல் ஒன்பது கிரெடிட் வரை 'அயலகச் சிறப்புப் பாடம்' என்று ஒதுக்கினால் கல்வெட்டியல், சுவடியியல், நாட்டார் வழக்காற்றியல், அகழாய்வு முதலியன தடையின்றி இடம்பெறும். தலைப்பை ஒப்பிடுவதைவிடக் கற்றல் விளைவை ஒப்பிடுவதே தகுதிக் கட்டமைப்பின் நோக்கத்துக்கும் இயைந்தது.

மூன்றாவதாக, முன்பயிற்சி. நாட்காட்டி வேறுபாடு, கிரெடிட் கணக்கு, கல்விக்குரிய விசா, விடுதி நடைமுறை என்பவற்றோடு தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கும் சமூக நிலையும் பற்றிய சில வகுப்புகள் நடத்தப்பட வேண்டும். சாதி குறித்த வினாவை எதிர்கொள்ளும் மாணவர், அதனை முதன்முதலில் அங்குச் சென்றுதான் சந்திக்க வேண்டும் என்பதில்லை. இ-சிங் ஸ்ரீவிஜயத்தில் கழித்த ஆறு மாதத்தின் பொருளும் இதுவே.

நான்காவதாக, மாணவர் அங்கிருக்கும்போது துறை ஆசிரியர் ஒருவர் பொறுப்பாளராக இருத்தல் வேண்டும். 2020இல் எல்லைகள் மூடப்பட்டபோது இணைய வழிப் பரிமாற்றம் பல பல்கலைக்கழகங்களில் நடைமுறைக்கு வந்தது. கடைவீதியில் தம் தமிழைத் தாமே கேட்கும் பட்டறிவை இணையம் தராது. ஆயினும் இரு வாரத்துக்கு ஒருமுறை மாணவரோடு உரையாட அது போதுமானது.

ஐந்தாவதாக, திரும்பிய மாணவரின் பட்டறிவு துறைக்குப் பயன்பட வேண்டும். அவர் இளையோர்க்கு ஒரு கருத்தரங்க உரை நிகழ்த்தலாம். தொகுத்த களக்குறிப்புகளைத் துறை நூலகத்தில் வைக்கலாம். கேட்பாரற்ற பட்டறிவு ஒருவரோடு முடிந்துவிடுகின்றது.

இம்முயற்சி ஒருவழிப் பாதையாக அமைதலும் கூடாது. தோட்டப்புற வாய்மொழி வழக்காறு, மலேசிய, சிங்கப்பூர்ப் புனைகதை, பன்மொழிச் சூழலில் தமிழ்க் கல்வி ஆகியவற்றைக் கற்கத் தமிழ்நாட்டு மாணவர் இங்கு வருவதற்கும் வழி காண வேண்டும். தமிழ்நாடு தமிழின் ஊற்று, நாம் அதன் கிளை என்னும் ஒற்றைப் பார்வையை அத்தகைய வருகையே மாற்றும். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையை வழிநடத்திய தனிநாயக அடிகள், உரோமிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பயின்றவர். பல நாட்டு அறிஞரையும் ஒருங்கிணைத்து 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்த அவருக்குத் துணைநின்ற பரந்த பார்வையில் அப்பல்நாட்டுக் கல்விக்கும் பங்குண்டு என்பதில் ஐயமில்லை.

முடிவுரை

அயல்நாட்டில் ஒரு பருவம் பயிலும் தமிழியல் மாணவர் பெறுவது கூடுதல் பாட அறிவு மட்டுமன்று. தம் மொழியையும் வரலாற்றையும் வேறொரு கரையிலிருந்து நோக்கும் பார்வையை அவர் பெறுகின்றார். இதற்குத் தடையாக நிற்பவை பெரும்பாலும் மாணவரின் ஆற்றற்குறைவோ ஆர்வக்குறைவோ அல்ல. நாட்காட்டி வேறுபாடு, முன்னரே எழுதப்படாத உடன்படிக்கை, இணைப்பாடம் தேடும் விதி என்பனவே தடைகள். இவற்றுள் நாட்காட்டியை நம்மால் மாற்ற இயலாது. ஏனைய இரண்டும் துறைக் கூட்டத்தில் முடிவெடுக்கத்தக்கவை. அடுத்த கல்வியாண்டில் ஒரேயொரு மாணவரை, ஏற்பு உறுதி செய்யப்பட்ட நான்கு பாடங்களோடு அனுப்பிப் பார்ப்பது நல்ல தொடக்கமாக அமையும்.